ஆறு நட்சத்திரங்கள், ஐம்பத்து நான்கு வாட்

தண்ணீர் காய வைக்கும் ராடின் பிளாஸ்டிக் தலையில் 1500 W என்று அச்சிட்டிருக்கிறது. ஏழு வருடங்களாக டிசம்பர், ஜனவரி மாதக் காலைகளில் அந்தத் தலையைப் பிடித்துத்தான் நான் அதை வாளிக்குள் இறக்கி வந்தேன். ஒருநாளும் அந்த எழுத்துகளைப் படித்ததில்லை. படித்த நாளில், நீர் சொட்டும் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் குளியலறை வாசலிலேயே நின்றேன்.

சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்றவள் நான். தாம்பரத்தைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் பெண்கள் குழுக்களைச் சந்திப்பது என் வேலை. அந்தக் கூட்டங்களில் மின்சிக்கனம் பற்றியும் பேசியிருக்கிறேன். அதற்காக அட்டை ஒன்று வைத்திருந்தேன். ஆளில்லாத அறையில் எரியும் பல்பு ஒன்று கண்ணீர் விடுவதுபோல் அதில் படம் இருக்கும். பல்பைத் தவிர வேறெதையும் அந்த அட்டையில் நான் வரையவில்லை என்பதை இப்போது நினைத்தால் உடல் கூசுகிறது.

நானும் அம்மாவும் குடியிருப்பது மேற்குத் தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர் போகும் வழியில், மின்ரயிலின் சத்தம் கேட்கும் தூரத்தில். பழைய தனிவீடு ஒன்றைப் பிரித்து, மேலே மாடி எடுத்து, ஆறு போர்ஷன்கள் ஆக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சமையலறை, தனிக் குளியலறை, தனி சப்-மீட்டர். தெருக் கம்பத்திலிருந்து வரும் ஒயரும், வாசல் பெட்டியில் இருக்கும் மெயின் ஃபியூஸும் மட்டும் ஒரே குடும்பம் வாழ்ந்த காலத்தில் போட்டபடியே இருந்தன. இதை யாரும் எங்களிடம் மறைக்கவில்லை. பெட்டி வாசலிலேயே இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் நாங்கள் ரயிலுக்கு ஓடினோம்.

ஆறு வீட்டுக்காரர்களும் ஒரே ஆலயத்தைச் சேர்ந்தவர்கள். வாரநாட்களில் ஒருவர் ஐந்தரை மணி ரயில், ஒருவர் எட்டு மணிப் பேருந்து என்று எங்கள் காலைகள் கலைந்து கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை அப்படியில்லை. ஏழு மணி ஆராதனைக்காக ஆறு வீடுகளும் ஒன்றாக எழுந்து, ஒன்றாகக் குளித்து, ஒன்றாகக் கிளம்பும். டிசம்பர் பிறந்ததும் ஆறு வாசல்களிலும் காகித நட்சத்திரம் தொங்கும். அந்த மாதத்தில் ஏதேனும் ஒரு ஞாயிறு காலை மெயின் ஃபியூஸ் போகும். வருடாவருடம் நடப்பதுதான். ஸ்டார் போட்டாலே ஃபியூஸ் போகும் என்று சிரித்துக்கொள்வோம். எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து கம்பி மாற்றிவிட்டுப் போவார். பாதி காய்ந்த தண்ணீரில் குளித்துவிட்டு நாங்களும் ஆலயத்துக்குப் போய்விடுவோம்.

டிசம்பரில்தான் நட்சத்திரம் தொங்குகிறது. டிசம்பரில்தான் தண்ணீரும் சில்லிட்டுப்போகிறது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

எங்களுக்கு நேர் கீழே இருக்கும் போர்ஷனில் ஓர் அண்ணனும், நான் அக்கா என்று கூப்பிடும் அவருடைய மனைவியும் இருக்கிறார்கள். அண்ணனுக்கு ஐம்பத்து மூன்று வயது. பல்லாவரத்தில் தோல் பதனிடும் பட்டறையில் இருபத்தைந்து வருடங்கள் வேலை செய்தவர். அங்கே சுவாசித்த தூசியும் ரசாயனமும் நுரையீரலைத் தின்றுவிட்டன. சென்ற வருடம் வரை ஆறு நட்சத்திரங்களையும் ஏணி போட்டுக் கட்டியவர் அவர். இந்த வருடம் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, கையை மேலும் கீழும் ஆட்டி எங்களைக் கட்டவைத்தார். பேச மூச்சு போதவில்லை.

நவம்பரில் அவருக்காக ஆக்சிஜன் மெஷின் வந்தது. சிறிய பீரோ உயரம், அடியில் சக்கரங்கள், இரவும் பகலும் ஓயாத உறுமல். மாடியில் படுத்திருந்தால் தரை வழியாக அந்த அதிர்வு எங்கள் முதுகுக்கு வரும். சுவரிலிருந்து மின்சாரத்தை வாங்கி, அறையின் காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. கரண்ட் நின்றால் அதுவும் நின்றுவிடும். அப்போது பயன்படுத்த சிலிண்டர் ஒன்றும் வைத்திருந்தார்கள்.

மெஷின் வந்த இரண்டாம் நாள், குழாயடியில் அக்காவைப் பார்த்தேன். அக்கறையாகத்தான் பேசினேன். "இவ்ளோ பெரிய மெஷினாக்கா? நல்லா கரண்ட் இழுக்குமே." அவ்வளவுதான் சொன்னேன். அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எதன் அடிப்படையில் அப்படிச் சொன்னேன்? அதன் உயரமும் சத்தமும்தான். அதன் முதுகில் ஒட்டியிருந்த சிறு தகட்டை நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

டிசம்பர் முதல் வாரம் மாலை ஆறு மணிக்கு மேல் விளக்குகள் மங்கத் தொடங்கின. மின்னழுத்தம் குறையும்போதெல்லாம் மெஷின் கூர்மையாகக் கூவும். இரண்டு மாலைகள் தொடர்ந்து கூவியபோது அக்கா மாடியேறி வந்தார். கூவி நிற்கும் மெஷின் நிரந்தரமாக நின்றுவிடுமோ என்று அவருக்குப் பயம். எனக்கும்தான். சரியாக ஆறு மணிக்கு என்ன நடக்கிறது என்று யோசித்தேன். ஆறு மணிக்குத்தான் நட்சத்திரங்களைப் போடுகிறோம். கண்ணுக்குத் தெரிந்த காரணம் அதுதான். வேலைவிட்டு வந்தவர்கள் அதே ஆறு மணிக்குத்தான் குளிக்கத் தண்ணீர் காய வைத்தார்கள். அது கதவுக்குள் நடந்தது.

சனிக்கிழமை காலை ஆறு வீட்டுக்காரர்களையும் முற்றத்தில் கூட்டினேன். கூட்டம் நடத்துவது எனக்குப் பழக்கம். ஓர் உயிரைக் காக்க இந்த வருடம் நட்சத்திரங்களை அணைத்துவைப்போம் என்றேன். ஒருவர்கூட மறுக்கவில்லை. கடைசிப் போர்ஷனில் இருக்கும் ஆசிரியை கண் கலங்கினார். உண்மையான கிறிஸ்துமஸ் இதுதான் என்றார் ஒருவர். எங்களைக் குறித்து எங்களுக்கே பெருமையாக இருந்தது.

அண்ணன் மட்டும் ஜன்னலிலிருந்து விரலை அசைத்து என்னைக் கூப்பிட்டார். "ஸ்டார் இன்னாம்மா பண்ணுச்சு?" என்று மூச்சுக்கு ஒரு வார்த்தையாகக் கேட்டார். எல்லாம் உங்களுக்காகத்தான் அண்ணா என்று சிரித்துவிட்டு வந்தேன்.

அன்று மாலை முற்றம் இருட்டாக இருந்தது. விடுமுறை நாள் என்பதால் பலரும் பகலிலேயே குளித்துவிட்டார்கள். மெஷின் ஒருமுறைகூடக் கூவவில்லை. என் கணிப்பு பலித்துவிட்டது. இனிப் பயமில்லை என்று அக்காவிடம் உறுதியாகச் சொன்னேன். அந்த வார்த்தையை நம்பி, பாதி தீர்ந்திருந்த சிலிண்டரை அவர் அன்றைக்கே நிரப்பக் கொடுத்தனுப்பினார். அது திங்கட்கிழமைதான் திரும்பி வரும். எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் தடுத்திருக்க மாட்டேன்.

மறுநாள் ஞாயிறு. ஆறு மணி அடித்துச் சற்று நேரம் ஆகியிருக்கும். வாளியில் ராடைப் போட்டுவிட்டு அம்மாவின் புடவைக்கு இஸ்திரி போடலாமா என்று நினைத்தபோது மின்விசிறி ஓய்ந்தது. அடுத்த கணம் கீழே மெஷின் அலறியது. முன்பு கேட்ட கூவல் அல்ல, விடாத நீண்ட அலறல். அதைத் தொடர்ந்து அக்காவின் குரல்.

நான் இறங்கி ஓடினேன். அண்ணன் கட்டிலில் முன்னால் குனிந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். சிலிண்டர் எங்கே என்று கேட்டபோதுதான் அக்கா விஷயத்தைச் சொன்னார். அண்ணன் விரலில் மாட்டியிருந்த, ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கும் சிறு கருவி தொண்ணூற்றொன்று காட்டியது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். எண்பத்தேழு. அம்மா எதிர்வீட்டுக் கதவைத் தட்டப் போயிருந்தார். எண்பத்து நான்கு. அண்ணனின் உதடுகள் நாவல்பழம் தின்றவை போல் ஆகிக்கொண்டிருந்தன.

எலக்ட்ரீஷியன் அண்ணன் லுங்கியோடு வந்தார். பெட்டியைத் திறந்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, புதுக் கம்பி சுற்றி மாட்டினார். விளக்குகள் எரிந்தன. மெஷின் உறுமத் தொடங்கியது. "வந்துடுச்சு" என்று அக்கா அழுதுகொண்டே குழாயை அண்ணனின் மூக்கில் சரிசெய்தார். பத்து மூச்சு இழுத்திருப்பார். பட்டென்று சத்தம். மறுபடியும் அலறல்.

"இன்னா போட்டு வெச்சிகினு கீறீங்க எல்லாரும்?" என்று வாசலிலிருந்து எலக்ட்ரீஷியன் கத்தினார். ஒன்றுமில்லை, ஸ்டாரைக்கூட நேற்றே அணைத்துவிட்டோம் என்று ஆசிரியை பதில் சொன்னார்.

"ஸ்டாரா? வூடு வூட்டுக்கு ராடு போட்டுகினு ஸ்டாரை அணைச்சீங்களா? ஒரு ராடு இழுக்கிற கரண்ட்ல இந்தத் தெரு பூரா ஸ்டார் எரியும்க்கா. போய் எல்லாத்தையும் புடுங்குங்க மொதல்ல."

கூடியிருந்தவர்கள் அவரவர் வீட்டுக்கு ஓடினார்கள். நான் ஓடவில்லை. அண்ணனின் விரலைப் பிடித்துக்கொண்டு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பத்தொன்று. உதவிக்கு வந்தவள் என்றுதான் அப்போதும் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ தடிமனான கம்பியாகச் சுற்றுங்கள் என்று எலக்ட்ரீஷியனிடம் கெஞ்சினார். சுற்றினால் ஃபியூஸ் போகாது, சுவருக்குள் இருக்கும் ஒயர் எரியும் என்று அவர் மறுத்தார். பிறகு மாடியை அண்ணாந்து பார்த்து, மேல் வீட்டு ராடு பிடுங்கியாச்சா என்று கேட்டார்.

மேல் வீடு எங்கள் வீடு. இரண்டாவது முறையாக ஃபியூஸ் போனபோது, மற்றவற்றோடு சேர்ந்து என்னுடைய ராடும் வாளிக்குள் சுவிட்ச் போட்டபடியே கிடந்திருக்கிறது. நான் அண்ணனின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவருடைய மூச்சை நிறுத்தியவற்றில் ஒன்று என் வாளியில் இருந்தது.

படிகளை எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ராடை வெளியே எடுத்தேன். அப்போதுதான் அந்த எழுத்துகள் என் கண்ணில் பட்டன.

மூன்றாவது முறை ஃபியூஸ் போகாமல் தாங்கியது. கருவி எழுபத்தொன்பதைத் தொட்டுவிட்டு, நெடுநேரம் தயங்கி, எண்பதுகளில் ஏறியது. ஆம்புலன்ஸில் வந்தவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். தொண்ணூறைத் தாண்டியதும், மெஷின் ஓடுகிறவரை வீட்டிலேயே இருக்கலாம் என்று சொல்லி, தங்களிடமிருந்த சிறு சிலிண்டர் ஒன்றை மறுநாள் வரைக்கும் விட்டுப் போனார்கள். அன்று எங்கள் வளாகத்திலிருந்து யாரும் ஆராதனைக்குப் போகவில்லை.

மதியம் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஒவ்வொரு சாதனத்தையும் திருப்பி, கவிழ்த்து, முதுகைத் துடைத்து, அதில் எழுதியிருந்ததைக் குறித்துக்கொண்டேன். மிக்ஸி ஐந்நூறு வாட். இஸ்திரிப் பெட்டி ஆயிரம். தேநீர்க் குவளையைவிடக் கொஞ்சம் பெரிதான மின்கெட்டில் ஆயிரத்து ஐந்நூறு. அதை வைத்திருந்த ஆசிரியை எழுத்தில் ஏதோ பிழை என்றார், அவருக்கு அதன் அளவைப் பார்த்து நம்ப முடியவில்லை. எனக்கும் முடியவில்லை. பிள்ளைகளை அதட்டி அதட்டி நாங்கள் நிறுத்திய மின்விசிறி எழுபத்தைந்து. நட்சத்திரத்துக்குள் இருந்த எல்.இ.டி. பல்பு ஒன்பது.

ஒன்பதை ஆறால் பெருக்கினேன். ஐம்பத்து நான்கு. எங்கள் மொத்தத் தியாகமும் ஒரு மின்விசிறிக்குச் சமமாகவில்லை. அண்ணனைத் துடைக்க அக்கா வெந்நீர் வைக்கும் ராடையும் சேர்த்து ஆறு ராடுகளைக் கூட்டினேன். ஒன்பதாயிரம். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஒயரில் ஓடும் ஆம்பியர் வரும் என்பது பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கிய சூத்திரம்தான். இருநூற்று முப்பதால் வகுத்தேன். முப்பத்தொன்பது ஆம்பியர். எங்கள் ஃபியூஸ் தாங்குவது ஏறக்குறைய முப்பது என்று எலக்ட்ரீஷியன் சொல்லியிருந்தார். ஆறு நட்சத்திரங்களும் சேர்ந்து எடுத்தது கால் ஆம்பியருக்கும் குறைவு.

என் தவறு எங்கே வேர்விட்டிருந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. மின்கட்டண அட்டையில் வரும் யூனிட்டாகவே நான் மின்சாரத்தை எப்போதும் நினைத்து வந்தேன். இரவெல்லாம் எரியும் நட்சத்திரம் பெரிய செலவு, கால் மணி நேரம் கிடக்கும் ராடு சின்னச் செலவு. அந்தக் கணக்கும் உண்மையில் தவறு. கால் மணி நேர ராடு முன்னூற்று எழுபத்தைந்து வாட்-மணி எடுக்கும், பன்னிரண்டு மணி நேர நட்சத்திரம் நூற்றெட்டுதான். ஆனால் ஒயருக்கு அந்தக் கணக்கே தேவையில்லை. எவ்வளவு நேரம் என்று அது கேட்பதில்லை, இந்த நொடியில் எத்தனை பேர் என்பதே அதற்குச் சுமை. வாட் என்பது அந்த நொடியின் கணக்கு. மாதக் கணக்கை மட்டும் படித்த நான் நொடிக் கணக்கைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

கடைசியாகக் கீழ்வீட்டுக்குப் போனேன். அண்ணன் கண் மூடியிருந்தார். மெஷினுக்குப் பின்னால் மண்டியிட்டு, போன் வெளிச்சத்தில் தகட்டைப் படித்தேன். முன்னூற்று ஐம்பது வாட். இரண்டு முறை படித்தேன். பீரோ உயரமுள்ள, தரையை அதிரவைக்கும் அந்த மெஷின், என் வாளியில் கிடந்த விரல் தடிமனுள்ள கம்பியில் கால் பங்குகூட எடுக்கவில்லை.

நல்ல செய்தி என்றுதான் அக்காவிடம் அதைச் சொன்னேன். இந்த மெஷினால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை, எங்கள் ராடுகளால்தான் விளக்கு மங்கியது என்றேன். அக்கா சமையலறைப் பக்கம் கைகாட்டினார். ஃபிரிட்ஜின் கதவு திறந்து, உள்ளே இருட்டாக இருந்தது.

"ஃபிரிட்ஜை நிப்பாட்டி ஒரு மாசம் ஆவுதும்மா. டிவி போடுறதில்ல. நீ அன்னிக்கு குழாயாண்ட சொன்னியே, நல்லா கரண்ட் இழுக்கும்னு. எல்லார் வூட்லயும் லைட்டு மங்குறது எங்களாலதான்னு நெனச்சேன். அதான் சாயங்காலம் ஆறுலேர்ந்து ஏழு வரைக்கும் மெஷினையும் நிப்பாட்டிடுவேன். மூச்சு முட்டுனா சிலிண்டர்ல கொஞ்சம் கொஞ்சமா குடுப்பேன். எல்லாரும் வேலைவுட்டு வர்ற நேரமாச்சே."

தினமுமா என்று கேட்டேன். தினமும்தான், சனி ஞாயிறு தவிர என்றார். அந்த இரண்டு மாலைகள் மெஷின் கூவியது, அவர் நிறுத்த மறந்துபோயிருந்த நாட்களாம்.

அந்த ஒரு மணி நேரம் அண்ணன் என்ன செய்வார் என்று கேட்க நினைத்துக் கட்டில் பக்கம் திரும்பினேன். கண்ணை மூடியபடியே அவர் பதில் சொன்னார்.

"ஒக்காந்துகினு ஸ்டாரைப் பாத்துகினு இருப்பேன். ஒரு மணி நேரம் ஓடிடும்."

நான் அணைக்கச் சொன்னது அந்த நட்சத்திரங்களைத்தான். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். எந்த இடத்திலிருந்து தொடங்குவது, குழாயடியிலிருந்தா, முற்றத்துக் கூட்டத்திலிருந்தா, வாளியிலிருந்தா என்று தெரியாமல் பாதியில் நின்றேன். அக்கா எழுந்து போய் ஃபிரிட்ஜின் கதவைச் சாத்தி, சுவிட்சைப் போட்டார்.

அன்று மாலை ஆறு நட்சத்திரங்களும் எரிந்தன. அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார், மூக்கில் குழாயோடு.

கூடுதல் மின்பளு கேட்டு வீட்டு உரிமையாளர் விண்ணப்பித்திருக்கிறார். ஒயர் மாறும்வரை ராடு போட முறை வைத்துக்கொள்வது என்று முடிவானது. ஒரு நேரத்தில் இரண்டு ராடுகளுக்கு மேல் கூடாது. முறையை யார் கவனிப்பது என்று பேச்சு வந்தபோது, அட்டவணை போட்டுத் தருகிறேன் என்று நான்தான் முந்திக்கொண்டேன். ஆசிரியை என்னைப் பார்த்த பார்வையில் அட்டவணையை மடித்து நோட்டுக்குள் வைத்துவிட்டேன். அந்த வேலையை அண்ணனே எடுத்துக்கொண்டார். அவருடைய ஜன்னலைத் தாண்டித்தான் எல்லோரும் போக வேண்டும். காலை ஐந்து மணிக்கே விழித்துவிடுபவர் வேறு.

அடுத்த ஞாயிறு ஐந்தரை மணிக்கு வாளியை நிரப்பி வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். ஜன்னலுக்கு வெளியே ஆசிரியை ஏற்கெனவே நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் போய் நின்றேன். அண்ணன் என்னைப் பார்த்து மூன்று விரல்களைக் காட்டினார், மூன்றாவது சுற்று. பிறகு மூச்சைச் சேர்த்து, "நீ கடைசில போடும்மா, உன் ராடு மேல நம்பிக்கை பத்தல" என்றார். ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அக்கா உள்ளே சிரிப்பது கேட்டது.

என் முறை வந்தபோது மணி ஆறேகால். சுவிட்ச் பலகை வரைக்கும் கை போனது. கீழே மெஷினின் உறுமல் தரை வழியாகக் காலுக்கு வந்துகொண்டிருந்தது. பச்சைத் தண்ணீரிலேயே குளித்துவிட்டுக் கிளம்பினேன்.